படிவத்தில் மட்டும் பயில்வான்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. ஊருக்கெல்லாம் நோயாளி, இன்சூரன்ஸ் படிவத்துக்கு மட்டும் பயில்வான். உங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லையா? போடிநாயக்கனூருக்கு வாருங்கள், எங்கள் மொக்கச்சாமி அண்ணனைக் காட்டுகிறேன்.

ஏலக்காய் வியாபாரி. மலைக்குப் போக விடியற்காலை ஜீப்பில் ஏறினால், போடிமெட்டு போய்ச் சேரும்வரை ஒரு கொண்டை ஊசி வளைவு விடாமல் தன் சர்க்கரை அளவைச் சொல்லிக்கொண்டே வருவார். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு, தேவாரம் ஊர் டாக்டர் என்ன சொன்னார், அதை மதுரை டாக்டர் எப்படி மறுத்தார் என்று அவர் முடிப்பதற்குள் கூட வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். வளைவினால் அல்ல. சின்ராசு டீக்கடையில் "எனக்குச் சீனி இல்லாம" என்று அவர் சொல்வது எதிரே நிற்கும் பஸ்சுக்குள்ளும் கேட்கும். கல்யாண வீட்டில் கேசரியைக் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாமென்பார். பிறகு, பரிமாறுகிறவர் மனம் நோகக்கூடாதே என்று இரண்டு கரண்டி வாங்கிக்கொள்வார்.

இன்னொரு குணமும் உண்டு. ஏலக்காய் மூடை வந்தால் மேலாகப் பார்க்கவே மாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். மேலே நல்ல காய், அடியில் வெடித்த காய் என்று இருந்ததோ, தீர்ந்தது. கொண்டுவந்த ஆளின் யோக்கியதையை மூன்று நாளைக்குப் பேசுவார்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு, மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தோடு பிரதீப் என்ற ஏஜெண்டு வந்தான். சர்க்கரை உண்டா? இல்லை. ரத்தக் கொதிப்பு? இல்லை. தினமும் மாத்திரை? அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்றார். அவர் மனைவி ஜோதிக்குப் பொறுக்கவில்லை.

"உள்ளதைச் சொல்லிருங்க. கூடக் கொஞ்சம் கட்டச் சொன்னா கட்டிட்டுப் போவோம்."

"மாத்திரை போட்டா நார்மலா இருக்குல்ல? நார்மலா இருக்கிறவனுக்கு என்னத்த வியாதி? நீ ஒன் சோலியப் பாரு."

எப்படி இருக்கிறது வாதம்! பிரதீப்புக்கு மட்டும் தெரியாதா என்ன? அவனும் அதே டீக்கடைதான். தலையைக் குனிந்துகொண்டு எழுதினான்.

ஒன்பது மாதம் கழித்து அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மதுரையில் ஆபரேஷன். பிழைத்துக்கொண்டார், அந்த மட்டும் சந்தோஷம். காப்பீட்டுப் பணம் கேட்டு எழுதியதும், கம்பெனியிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். எங்கே போனார் என்கிறீர்கள்? நேரே சின்ராசு கடைக்கு. மொக்கச்சாமி எப்படிப்பட்டவர் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். அண்ணனுக்கு நல்ல பெயர் வாங்கித்தர ஊரே போட்டி போட்டது.

"தங்கமான மனுசன்ணே. பாவம், எட்டு வருசமாச் சீனி இல்லாமத்தான் குடிக்கிறாரு" என்றான் சின்ராசு. ஜீப்பு டிரைவர் சர்க்கரை அளவுகளை ஒன்று விடாமல் ஒப்பித்து, மாத்திரை வாங்கும் கடைக்கு வழியும் காட்டினார்.

பணம் தர முடியாது என்று கடிதம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஜோதியின் நகை போயிற்று. அண்ணன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஜோதி, கழுத்தில் வெறும் மஞ்சள் கயிற்றோடு வந்து, மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள்.

"எதுக்கு வையுறீங்க? மூடைக்கு அடியில கையை விட்டுப் பாத்துட்டாங்க, அம்புட்டுத்தான்."

அண்ணன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

நீங்கள் இந்த இனம் இல்லை, அப்படித்தானே? நல்லது. உங்கள் படிவத்திலும் வரிசையாக இல்லை, இல்லை என்றுதான் எழுதியிருக்கிறது. இருக்கட்டும். இன்று காலை டீக்கு என்ன சொன்னீர்கள்?