ஓட்டுப் போட வந்த அம்மை

"ஞாயித்துக்கிழமை டியூட்டிக்கு லீவா? கல்யாணத்துக்கு ஒரு மாசம் லீவு வாங்கியாச்சே மாப்ளே, இது எதுக்கு?" என்றார் ஃபோர்மேன் யேசுராஜ். கல்யாணப் பெண் டெல்சியின் தாய்மாமன்.

துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் அருள்ராஜ் காரணம் தேடினான். பிரெஞ்சு அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

அவன் ஊரான காரைக்கால் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது சட்டம். தாத்தா வைத்துக்கொண்டார், அது பேரன் வரை வந்தது. பிரான்ஸ் ஊரைத்தான் விட்டதே தவிர, ஓட்டை விடவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அப்பாவோ, "ஓட்டுப் போடலேன்னா உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

முன்பு பார்த்த பெண் வீட்டாரெல்லாம் அவன் பாஸ்போர்ட்டைத்தான் மாப்பிள்ளை பார்த்தார்கள். அதனால் டெல்சியிடம் மூச்சு விடவில்லை. ஊர் தரங்கம்பாடி என்று சொல்லி வைத்தான். நர்ஸான அவளோ முதல் சந்திப்பிலேயே, "பொய் மட்டும் சொல்லாதீங்க, எனக்கு ஆகாது" என்றிருந்தாள்.

"காய்ச்சல் மாமா."

"அவ்வளவுதானே? டெல்சியை ஊசியோட அனுப்பறேன்."

"வேண்டாம் மாமா! இது... அம்மை. ஒட்டிக்கும்."

டெல்சிக்கு அந்த ஞாயிறு வேறு வேலை இருந்ததாம், வர முடியாது என்றுவிட்டாள். தப்பித்தோம் என்று அருள்ராஜ் மூச்சு விடுவதற்குள், ஞாயிறு காலை யேசுராஜே வேப்பிலையோடு வருவதாக ஃபோன் செய்தார்.

"எனக்கெல்லாம் அம்மை வந்து போயாச்சு. நானே லீவு போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன்!"

ரூம்மேட் பாண்டித்துரை அவசரமாக சிவப்பு மார்க்கரை எடுத்தான். "மூஞ்சியைக் காட்டுடா."

"அழியுமா?"

"முதல்ல தெரியட்டும்டா!"

யேசுராஜ் வந்தார், புள்ளிகளைப் பார்த்தார், பதறினார், இளநீர் வாங்க ஓடினார். அந்த இடைவெளியில் அருள்ராஜ் டாக்சி பிடித்தான். வழியெல்லாம் கைக்குட்டையால் தேய்த்தான். புள்ளிகள் கோடுகளாயின, அழியவில்லை.

பிரெஞ்சுத் துணைத் தூதரக வாசலில் நீண்ட வரிசை. அவன் முகத்தைக் கண்டதும் வெள்ளைக்காரர்கள் மரியாதையாக விலகினார்கள். விலக விலக அவன் முன்னேறினான். நகராமல் நின்றவர் ஒருவர்தான். வேலுச்சாமி என்ற காரைக்கால் பெரியவர்.

"என் பேரப்பிள்ளைங்க மார்க்கர்ல இதைவிட நல்லாவே போடுவாங்க தம்பி" என்று சிரித்தார்.

அவருக்கு முன்னால் நின்றிருந்த பெண்ணின் பின்னலைப் பார்த்ததுமே அருள்ராஜுக்கு அடையாளம் தெரிந்தது. டெல்சி! இனி கல்யாணமாவது கத்தரிக்காயாவது!

சட்டென்று பெரியவரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினான். "ஐயா, என்னைக் காப்பாத்துங்க! அது நான் கட்டிக்கப் போற பொண்ணு. நான் பிரெஞ்சுக்காரன்னு கண்டுபிடிச்சு, என் பின்னாடியே வந்துட்டா!"

வேலுச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் பின்னாடி அது எதுக்குய்யா வருது? நம்ம காரைக்கால் பொண்ணு, போன தேர்தல்லயே இங்க ஓட்டுப் போட்டுச்சு. கட்டிக்கப் போறவன் தன் பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு ஆசைப்பட்டுடுவானோன்னு அவன்கிட்ட மூச்சே விடலையாம், பாவம்!"