ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துகொண்டிருக்கிறது

முனீஸ்வரி பேண்டேஜ் துணியை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் பைக் வந்து நின்றது. மாணவர் படை அலுவலகத்து மலைச்சாமி.

"ஒங்க மக மாரிச்செல்வி விசயமா ஆபீசரு ஒடனே வரச் சொன்னாரு."

அவள் துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "ஐயோ, பிள்ளைக்கு என்னண்ணே? ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"எப்படிம்மா? இன்னைக்கு ஒயர்லெஸ் பயிற்சி. புயல்ல செல்போன் டவர் அம்புட்டும் விழுந்துட்டதா ஆர்டர்."

சட்டைப்பையில் அவர் போன் பாடியது. விழுந்த டவர் எப்படிப் பாடும் என்று அதை எடுக்காமல் அவர் வண்டியை உதைத்தார். முனீஸ்வரி ஏறிக்கொள்ள, அவள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் மதினியும் பின்னால் தொற்றிக்கொண்டாள்.

ராஜபாளையம் கட்டுப்பாட்டு நிலையம் என்பது, ஒரு பள்ளிக்கூட மாடியில் ஒரு மேசை, ஒரு மைக், ஒரு பயிற்சி அதிகாரி கண்ணபிரான். ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையம் என்பது, அந்த ஊர் மொட்டைமாடி ஒன்றில் காலையிலிருந்து வெயிலில் நிற்கும் ஒன்பதாம் வகுப்பு மாரிச்செல்வி.

"பயப்படாதீங்கம்மா," என்றார் கண்ணபிரான். "பேச்சு பத்தரைக்கே முடிஞ்சிருச்சு. முடிஞ்சதுன்னு சொல்லத்தான் மாட்டேங்கிறா. ஒவ்வொரு முறை பேசியதும் 'ஓவர்', மொத்தமாகப் பேசி முடித்தவர் 'அவுட்' என்று சொல்ல வேண்டும். சொல்லாத வரை தொடர்பு திறந்திருப்பதாகக் கருதப்படும். அந்நேரம் நிலையத்தை விட்டு இறங்குவது ஒழுங்கீனம். கையேடு, பதினாலாம் பக்கம்."

"மணி ரெண்டரை ஆச்சே சார். பிள்ள சாப்பிட்டுச்சா?"

"தொடர்பு திறந்திருக்கையில் எப்படிம்மா சாப்பிட?"

"அதுக்குப் பதிலா என்னதான் சொல்லுதா?"

"போயிட்டு வாரேங்கிறா. வாரேன்னு சொன்னவருக்காகக் காத்திருக்கணும். அது பதினஞ்சாம் பக்கம்."

மலைச்சாமி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பதினேழு வரிகள். பதினேழிலும் ஒரே செய்தி: 'ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துகொண்டிருக்கிறது.'

மைக்கை முனீஸ்வரி கையில் திணித்தார்கள். நாலு பேர் நின்றால் தண்ணீர் கேட்கவே கூசுகிறவள், மைக்குக்குத் தலைகுனிந்து பேசினாள்.

"ஏட்டி செல்வி, அந்த வார்த்தையத்தான் சொல்லித் தொலையேன்."

கரகரவென்று பதில் வந்தது. "எப்படிம்மா சொல்ல? அப்பா லோடு ஏத்திக்கிட்டு கொல்லம் போயிருக்காக. ஆளு அவுட்டுன்னா என்ன அர்த்தம்? நீதான வாயக் கழுவச் சொல்லுவ? ஓவர்."

முனீஸ்வரிக்கு மகள்மேல் கோபமே வரவில்லை.

"நீங்களே சொல்லிருங்களேன் சார்."

கண்ணபிரான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதி இடம் கொடுக்கிறது. ஆனா இன்னைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் எங்க மக அனுக்ரஹாவைப் பொண்ணு பார்க்க வாராங்க. மலைச்சாமி, நீர் சொல்லும்."

"நான் மாலை போட்டிருக்கேன் சார்."

"பிள்ளையப் பட்டினி போட்டுக்கிட்டு, இது ரொம்ப ஓவரு சார்!" என்றாள் முனீஸ்வரி.

"பலே! ஓவர் சுத்தமா வருது. இனி அவுட் மட்டும்தான் பாக்கி."

முனீஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகினாள். "எம் பிள்ளைய இறக்கிவிடுங்க. அந்த வார்த்தைய நான் சொல்லுதேன்."

கையேடு புரண்டது. இறுதிச் சொல்லின் பொறுப்பைப் பெற்றோர் ஏற்கத் தடையில்லை; கையொப்பம் மட்டும் அவசியம். மூன்று பிரதிகளில் போட்டாள்.

"இறங்கிப் போய்ச் சாப்பிடுட்டி," என்றாள் மைக்கில்.

"சரிம்மா, போயிட்டு வாரேன்."

மலைச்சாமி பதினெட்டாவது வரியை எழுதினார்.

இப்போது நிலையம் முழுவதும் முனீஸ்வரியின் வாயையே பார்த்தது. புருசனின் லாரி இந்நேரம் ஆரியங்காவு வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும். கண்ணை இறுக மூடி, பட்டனை அழுத்தி, "அவு..." என்றாள்.

"ஏட்டி முனீஸ்வரி!" கீழேயிருந்து சீனியம்மாள் மதினி. "பய பாலுக்கு வீர்வீர்னு கத்துதான், இறங்கி வாட்டி!"

முனீஸ்வரி மைக்கை மேசைமேல் வைத்தாள். "செத்த இருங்க சார், போயிட்டு வாரேன்."