பெருங்குடலுக்காக ஒரு ஜெபவிண்ணப்பம்

சைனிக்புரி,
செகந்திராபாத்.

கர்த்தருக்குள் பிரியமான சாரா அக்காவுக்கு,

தம்பி தனசிங் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கே என் மனைவி மரியாவும் மகள் பிளெசியும் சுகம். என் பெருங்குடலைப் பற்றி மட்டும் வீட்டில் இரண்டு கருத்து நிலவுகிறது.

அப்பா பெருங்குடல் புற்றுநோயில் போனதை ஹப்சிகுடா டாக்டரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே, "பின்வழியா கேமரா விட்டுப் பார்த்திடலாம்" என்றார், மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியை எட்டிப் பார்க்கிற மாதிரி. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்து, வழியிலேயே போனில் தேடினேன். நல்ல பாக்டீரியாக்கள் குடலைப் புற்றுநோயிலிருந்து காக்கக்கூடும் என்று போட்டிருந்தது. அந்தக் 'கூடும்' என் கண்ணில் படாமலில்லை. ஆனால் கேமராவா தயிரா என்றால் மனுஷன் எதை எடுப்பான், நீயே சொல்லு.

அன்றிலிருந்து காலையில் நீராகாரம், மற்ற வேளையெல்லாம் தயிர், நடுநடுவே மருந்துக்கடை மாத்திரை என்று வயிற்றுக்குள் ஒரு காலனியையே குடியேற்றினேன். குடிவந்தவர்கள் கொஞ்சம் சத்தக்காரர்கள். மௌன ஜெபத்தில் அவர்கள் பேசியது முன்பெஞ்சு வரை கேட்டது. பிளெசி பாட்டுப்புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு, "நக்கோ டாடி, ப்ளீஸ்" என்று இந்த ஊர் உருதுவில் வேண்டாமென்கிறாள், நான் ஏதோ ஆசைப்பட்டுச் செய்வது போல.

மரியா என்ன செய்தாள் தெரியுமா? நேரே போதகரிடம் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு அவர், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் விசாவுக்குக் காத்திருப்பவர்களுக்கும் நடுவே, "சகோதரர் தனசிங் கொலனாஸ்கோப்பிக்குச் சம்மதிக்கும்படி அவர் இருதயத்தைத் திறந்தருளும்" என்று ஜெபித்தார். வழக்கமாக அந்நேரம் தூங்குகிற சபை, முழு விழிப்போடு ஆமென் சொன்னது. வாசலில் கைகுலுக்கியவர்கள் ஒருவராவது என் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எல்லாருக்கும் கண் வயிற்றின்மேல்தான். பாடகர்குழு மேத்யூ மட்டும், "எனக்கும் விட்டாங்க அண்ணாச்சி. மயக்கத்துல நல்லாத் தூங்கலாம்" என்று தேற்றினான்.

வீட்டுக்கு வந்ததும், "ஊரறிய ஏலம் போட்டுட்டியே" என்று பாய்ந்தேன். "ஒங்ககிட்டச் சொன்னேன், கேட்டீங்களா? அதான் மேலிடத்துல சொல்லிட்டேன்" என்றாள். கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்: "முந்தின நாளே பேதி மருந்து குடிக்கணுமாம். பிள்ளை மாதிரி வளர்த்த பாக்டீரியா மொத்தமும் அடிச்சிட்டுப் போயிருமே."

"அதுங்க போகட்டும். நீங்க இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இப்படிப் பேசினால் எப்படிச் சண்டை போடுவது?

அக்கா, நீ சொன்னால் அவள் கேட்பாள். 'அவனை விட்டுடு, தயிரே போதும்' என்று போனில் ஒரு வார்த்தை சொல். அத்தானுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்கள் வீட்டையும் ஜீரணத்தையும் ஆசீர்வதிப்பாராக.

உன் தம்பி,
தனசிங்

பி.கு.: இதைத் தபாலில் போடுமுன்பே போய்க் கேமராவுக்குப் படுத்துவிட்டேன். சின்னதாக ஒரு சதை வளர்ச்சி இருந்ததாம். பார்த்த கையோடு எடுத்துவிட்டார்கள். விட்டிருந்தால் நாளடைவில் அப்பாவுக்கு வந்ததாகவே மாறியிருக்கலாமாம். "இவ்வளவு தயிர் சாப்பிட்டேனே டாக்டர்" என்றேன். "சாப்பிடுங்க சார், வேண்டாங்கல. ஆனா தயிர் உள்ள போய்ப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லாதுல்ல" என்றார். கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார்; ஒரே அக்கா என்றேன். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. மரியாவுக்கு நீ போன் பண்ண வேண்டாம். அவளே உங்கள் ஊர் நாசரேத்துப் போதகருக்குப் பண்ணிவிட்டாள். இந்த ஞாயிறு கோயிலுக்கு நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போ.