உன் நிலக்கீழ் அறைக்கு என் யோசனை

உரும்பிராய்
14.3.1993

அன்புள்ள தம்பி சண்முகநாதனுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி பூரணமும் இதை எழுதும் நேரம் வரை சுகம். இது உன் கைக்கு வரும் நாளில் எப்படியோ, அதற்கு நான் பொறுப்பில்லை. ரொறன்ரோவில் நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். வீட்டுக்குக் கீழே உள்ள அறையில் பாட்டும் ரீவியும் போட்டால் மேலே மாமியாருக்கு நித்திரை வருகுதில்லை என்பதுதானே உனக்கு இப்போதுள்ள பெரிய கவலை! சத்தம் வெளியே போகாமல் அடைப்பது பற்றி எட்டுப் பக்கம் எழுதி, அண்ணை சீமெந்துத் தொழிற்சாலையில் இருந்தவர், யோசனை சொல்லவேண்டும் என்கிறாய். நான் அங்கே சம்பளப் பட்டியல் எழுதியவன். இருந்தாலும் சொல்கிறேன், எங்களிடமும் நிலத்துக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது.

அது குண்டுக்குப் பதுங்கப் பின்வளவில் வெட்டிய பங்கர். மேலே பனங்குற்றி, அதன் மேல் மண்மூட்டை. சாக்கு கிடைக்காததால் மூட்டையெல்லாம் அண்ணியின் சேலையில் தைத்தவை. பிளேனில் வருகிறவன் புடவைக் கடை என்று நினைப்பான். போன வருடம் ஒழுங்கைக்குள் குண்டு விழுந்ததிலிருந்து அண்ணி தென்னோலை விழுந்தாலும் நடுங்குகிறாள், சாப்பிடுகிறாள் இல்லை. சத்தமே புகாத இடம் ஒன்று இருந்தால் தேறுவாள் என்று, உன் எட்டுப் பக்கத்தையும் பார்த்துப் பங்கரை அடைத்தேன். தும்பு மெத்தையைப் பிரித்துச் சுவருக்கு, இன்னொரு மெத்தையை வாசலுக்கு, சுற்றிவர சைக்கிள் டியூப். நீ அனுப்பிய ரீவியையும் உள்ளே இறக்கினேன். மூன்று வருடமாகக் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கு வைக்க அது நல்ல உயரம்.

பற்றரிக்கும் அரசாங்கத் தடைதானே, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினேன். டைனமோவில் ரேடியோ பாடியது. நாதஸ்வரக் கச்சேரி. தம்பி, அண்ணி சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு சிரித்தாள். கை கழன்றாலும் பரவாயில்லை என்று அரை மணித்தியாலம் சுற்றினேன். நிலம் ஒருமுறை அதிர்ந்தது. தவில்காரன் வெளுத்து வாங்குகிறான் என்று தலையாட்டினேன்.

வாசல் மெத்தையைத் தள்ளினால், பக்கத்து வீட்டுத் தம்பிராசா தலையில் அடித்து அழுதுகொண்டிருக்கிறார். "ஐயோ, தங்கமான மனுசன், என்ரை மண்வெட்டியைத் திருப்பித் தராமலே போயிட்டானே!" பிளேன் வந்து இரண்டுதரம் சுற்றி, பின்னால் வாழைத் தோட்டத்தில் குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தது. எங்கள் சத்தம் இல்லாததால் நாங்கள் செத்துவிட்டோம் என்று முடிவுகட்டிவிட்டார்.

அண்ணி ஒரு வார்த்தைதான் சொன்னாள். "இஞ்சாருங்கோ, சத்தம் கேட்டால்தானே ஓடலாம். உதுக்குள்ளை இருந்தால், வாறது தெரியாமலே செத்துப்போவம்." அன்று தொடக்கம் அவள் பங்கருக்குள் இறங்குவதில்லை. முற்றத்தில் வானத்தைப் பார்த்தபடி, காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறாள். இரவிலும் அப்படித்தான். மெத்தையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டேன், அப்படியும் வருகிறாள் இல்லை.

எனக்கு உன்மேல் கோபம், தம்பி. உன் எட்டுப் பக்கத்தில் அண்ணிக்கு எப்படி என்று ஒரு வரி இல்லை. கடைசியில் போகிற போக்கில் உங்களைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்யட்டோ என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நாங்கள் ஒருவரும் எங்கும் வருவதாக இல்லை.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். மாமியார் நன்றாக நித்திரை கொள்ளட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் ஏரம்பு

பி.கு.: அண்ணிக்கு மட்டும் உடனே ஸ்பொன்சர் செய். இங்கிருந்து வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். போகிறவருக்கு வீட்டில் ஒருவர் வெளியேறாமல் பிணையாக நிற்கவேண்டும். நான் நிற்கிறேன். இதை அவளுக்கு எழுதிவிடாதே. அண்ணை அடுத்த மாதம் பின்னால் வருவார் என்று எழுது.