சர்வருக்குச் சூனியம்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அப்படியொரு கூட்டம். பனியன் கம்பெனி முதலாளிகள் லேப்டாப்பைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உள்ளே சர்வர் சித்தர். படுத்துப்போன வாடகை சர்வரை எலுமிச்சம்பழம் சுற்றியே எழுப்பிவிடுவாராம். வரிசையில் முதல் ஆள் யார்? எம்.பி.ஏ. படித்த ராஜவேல். அடியேன்தான்.

எங்கள் வெப்சைட் திடீரென்று நின்றுபோயிருந்தது. "மேக்கால பாத்த சர்வருங்க, கண்ணு பட்டிருக்குது" என்றார் சித்தர். சர்வர் மும்பையில் இருக்கிறது. அது எந்தப் பக்கம் பார்க்கிறதென்று எனக்கென்ன தெரியும்? ஆனாலும் தலையாட்டினேன். அர்ச்சனைக்கு நட்சத்திரமும் பாஸ்வேர்டும் கேட்டார். பக்தியோடு கொடுத்தேன். லேப்டாப்போடு தனியறைக்குப் போய்த் தியானம் முடித்து வந்தார், சைட் திறந்தது. காலில் விழுந்தேன். சில நாளில் சைட் மறுபடி விழுந்தது. நானும் மறுபடி விழுந்தேன்.

ஒருநாள் வெளிநாட்டு பையர் சைட்டில் சாம்பிள் பார்த்து ஆர்டரை முடிவு செய்யவேண்டிய நேரம். சைட் போச்சு. சித்தரைக் கம்பெனிக்கே அழைத்து வந்தேன். என் மனைவி ஜெயபாரதி, கம்பெனியின் பங்குதாரர், "பூசை பண்ணுங்க சாமி" என்றாள். அதற்குள் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாள். எனக்கும் சொல்லவில்லை.

தியானத்திலிருந்து சித்தர் வேர்த்துப்போய் வந்தார்.

"ஏனுங்க, பாஸ்வேர்டு மாத்தீட்டீங்களா?"

"பூசைக்கு அது எதுக்குங்க?"

"சாமி கேக்குதுங்க."

"சாமிக்கே தெரியாதுங்களா?"

நான் பதறினேன். "சொல்லீரு பாரதி, குத்தமாயிரும்!"

அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். சர்வரில் துளி இடமில்லை. நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் லாக் ஃபைல் மொத்த இடத்தையும் தின்றிருந்தது. ஒன்றுவிடாமல் எழுதும்படி செட்டிங்கை யாரோ மாற்றியிருந்தார்கள். எப்போது? சித்தரின் முதல் பூசையன்று. முதல்முறை சைட் தானாக நின்றது; அதற்கப்புறம் நின்றதெல்லாம் இவர் கைவேலை. ஃபைல் நிரம்பினால் சர்வர் படுக்கும், நான் ஓடுவேன், அவர் தியானத்தில் உட்கார்ந்து அதை அழிப்பார். இவ்வளவுதான் சித்து.

ஜெயபாரதி ஃபைலைக் காலி செய்தாள், செட்டிங்கைச் சரிசெய்தாள். சைட் திறந்தது. பையர் ஆர்டர் கொடுத்தார். சித்தர் செருப்பை விட்டுவிட்டே ஓடினார்.

மறுநாள் அதே கூட்டம் எங்கள் கேட்டில். பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் செல்லாத்தாள் வெற்றிலைத் தட்டோடு முன்னால் வந்தார்.

"அம்மணி, உங்க கையால ஒருக்காத் தொட்டுக் குடுங்க."

"தொட்டெல்லாம் குடுக்க மாட்டேனுங்க. உக்காருங்க, எப்படிப் பாக்கறதுன்னு சொல்லித் தர்றேன்."

கூட்டம் நெளிந்தது. "இன்னைக்கு அஷ்டமிங்களே..." என்று இழுத்தார் செல்லாத்தாள்.

என் கண்ணும் தன்னாலே காலண்டருக்குப் போனது. ஜெயபாரதி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, யோசிக்கறதுக்குமா நல்ல நாள் பாப்பீங்க?"