கையெழுத்துப் போடாத அளவுக்காரர்

பாசிர் கூடாங்கில் பீர் குடிப்பவர்களை எண்ணி முடிக்க முடியாது. ஆனால் பீரை அளவுகோல் வைத்து அளந்து குடித்தவர், எனக்குத் தெரிந்து, இந்த மலாய்த் தீபகற்பத்திலேயே ஒருவர்தான்.

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. துறைமுகத்தில் செம்பனை எண்ணெய்த் தொட்டிகளின் மேல் ஏறி, எஃகு நாடாவை உள்ளே இறக்கி, எண்ணெய் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அதனால் அளவுக்காரர். நாங்கள் நான்கு பேர் வாடகைக்கு எடுத்திருந்த வரிசை வீட்டில் அவர்தான் மூத்தவர். சோற்றுக்கு ஊற்றும் நீரை அளப்பார். துணிக்கொடி நடுவில் எவ்வளவு தொய்கிறது என்று அளப்பார். முடிவெட்டிக்கொண்டு கடைக்கு வெளியே வந்து, இரண்டு கிருதாவையும் அளந்து பார்த்து, மறுபடி உள்ளே போனவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் கோழிக்கறிச் சோறும் முடிந்ததும் கூடத்து மேசைக்கு ஒரு டின் பீர் வரும். கிளாஸில் எட்டு சென்டிமீட்டர். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. மிச்சத்தை எங்கள் கண் முன்னாலேயே சிங்கில் ஊற்றிவிடுவார். வீட்டில் இருந்த மற்ற இருவரும் அந்தச் சத்தம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இழவு வீட்டில்கூட அவர்கள் அப்படி உருகி நான் பார்த்ததில்லை. குடிக்கும்போது சன்னல் திரையை விலக்கி வைப்பார். மறைத்துக் குடிக்கவேண்டிய நாள் வந்தால் அன்றே அது பாவமாகிவிடும் என்பது அவர் கட்சி.

எனக்கு அது பொறுக்காது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். சிகாமட் பக்கத் தோட்டத்தில் சம்சு என்கிற மலிவுச் சாராயம் அப்பாவைக் கொண்டுபோனபோது எனக்குப் பதினோரு வயது. ஆகவே, டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சின்னச் சபையில் இளைஞர் செயலாளர் ஆனதும், முதல் வேலையாக உறுதிமொழி அட்டை அச்சடித்தேன். மதுவை இனித் தொடமாட்டேன் என்று ஒரு வரி, கீழே கையெழுத்துக்குக் கோடு. எல்லோரும் போட்டார்கள். அளவுக்காரர் மட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெறிக்கிற அளவுக்குக் குடிக்க மாட்டேன்னு மாத்து தம்பி, இப்பவே போடறேன். இதுல போட்டா மத்தியானமே பொய்யாயிடும் லா.”

விஷயம் தெரிந்து சபைப் பாஸ்டரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சன்னல் திறந்திருந்தது. கிளாஸ் எட்டு சென்டிமீட்டரில் நின்றது. அளவுக்காரர் பாஸ்டருக்கு ரோஜா சிரப் கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வேதம் கண்டிப்பது வெறியைத்தான், வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பவுலே எழுதவில்லையா என்றார். அது மருந்து என்றார் பாஸ்டர். அங்கிருந்து பேச்சு, ஆண்டவர் தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானா ஊர்க் கல்யாணத்துக்குப் போயிற்று. அங்கே பரிமாறியது புளிக்காத பழச்சாறு என்று பாஸ்டர் உறுதியாகச் சொன்னார்.

“கல்யாண வீட்டுல ஜூஸுக்காக யாரு பாஸ்டர் மாப்பிள்ளைய கூப்பிட்டு வச்சிப் பாராட்டுவாங்க?”

பாஸ்டர் சிரப்பை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

மறுவாரம், கையெழுத்துப் போடாதவர்கள் சபையில் எந்த ஊழியமும் செய்யக்கூடாது என்று அறிவிப்பு வந்தது. நற்கருணைக்குச் சின்னக் கிண்ணங்களில் திராட்சைச் சாறு ஊற்றுவது அதுவரை அளவுக்காரரின் பொறுப்பு. நாற்பது கிண்ணமும் ஒரே மட்டத்தில் நிற்கும். அடுத்த முறை நான் ஊற்றினேன். கடைசி வரிசைக்குச் சாறு இல்லாமல் போயிற்று. கடைசி வரிசையில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில் என் மச்சான் எங்கள் வீட்டுக்குத் தங்க வந்தார். அக்காவின் கணவர், வெல்டர். குடித்துக் குடித்து ஆஸ்பத்திரிவரை போய்த் திரும்பியவர். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆயர் ஈத்தாமில் ஒரு பானைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஆறு மாதம் குடிக்காமல் இருக்கட்டும், நேரில் வந்து பார்க்கிறேன், இல்லையென்றால் அத்தோடு சரி என்று சொல்லியிருந்தாள்.

வரும் ஞாயிறு முதல் டின்னை நிறுத்தும்படி அளவுக்காரரிடம் சொல்ல, இரண்டு நாள் உட்கார்ந்து, வசனங்களோடு நாலு பக்கம் எழுதினேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, உன் மச்சான் வந்த அன்றே நிறுத்திவிட்டேன் என்றார். என் முகம் போன போக்கு அவருக்குப் பொறுக்கவில்லை.

“எழுதிட்டு வந்தியா? சரி, படி.”

நாலு பக்கத்தையும் கைகட்டிக் கேட்டார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வசன எண்ணைத் திருத்தினார்.

செய்தி பாஸ்டருக்குப் போயிற்று. அதுதான் நிறுத்திவிட்டீர்களே, இனிக் கையெழுத்துப் போடலாமே என்றார். மாட்டேன் என்றார் அளவுக்காரர். அந்த வெல்டர் பையனுக்காக நிறுத்தினேன், பாவம் என்று நிறுத்தவில்லை, பாவமில்லாததைப் பாவம் என்று எழுதிக்கொடுக்க முடியாது என்றார். இப்படியாக, ஒரு சொட்டும் குடிக்காமலே குடிகாரர் பட்டியலில் நின்றார்.

நாலாம் மாதம், தனக்காகத்தான் அவர் நிறுத்தினார் என்று மச்சானுக்குத் தெரிந்துவிட்டது. ரோஷம் வந்தது. ஞாயிறு மத்தியானம் கடைக்குப் போய் ஒரு டின் வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தார்.

“நான் என்ன சின்னப் பிள்ளையா? நீங்க குடிங்க. நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

சொன்னாரே தவிர, டின்னிலிருந்து விரல்களை எடுக்கவில்லை.

“கடையிலேர்ந்து இங்க எவ்ளோ நேரம் நடந்த?” என்று கேட்டார் அளவுக்காரர்.

“பத்து நிமிஷம் இருக்கும்.”

“பத்து நிமிஷம் கையில வச்சிருந்து திறக்கல. எந்திரி, குடுத்துட்டு வந்துரலாம்.”

விற்றதைத் திரும்ப வாங்கமாட்டேன் என்ற கடை முதலாளி சீனத் தவுக்கேயிடம் அரை மணி நேரம் மலாயில் வாதாடி, மூன்று பாக்கெட் சோயா பாலோடு இருவரும் திரும்பினார்கள்.

ஆறாம் மாதம் அக்கா வந்தாள். மச்சான் கையெழுத்துப் போட்ட அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

“இந்த மாதிரி மூணு வச்சிருக்கேன் தம்பி.”

பிறகு அளவுக்காரர் பக்கம் திரும்பினாள்.

“நீங்கதான் கையெழுத்து போட மாட்டேன்னவராமே. நீங்க சொல்லுங்கண்ணே. குடிச்சாரா?”

மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

“ஒரு டின் வாங்கினான்மா. இந்த மேசை வரைக்கும் கொண்டு வந்துட்டான். ஆனா திறக்கல. ரெண்டு பேருமா போயி திருப்பிக் குடுத்தோம். வேற எதுவும் இல்ல.”

மச்சான் தலையைத் தூக்கவே இல்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அக்கா அளவுக்காரரின் முகத்தையே பார்த்தாள். வாங்கியதைச் சொல்கிற மனிதர் குடித்திருந்தால் அதையும் சொல்லியிருப்பார் என்று அவளுக்குப் பட்டிருக்கவேண்டும்.

“பையை எடுத்துட்டு வாங்க,” என்றாள் மச்சானிடம்.

நான் இன்றும் குடிப்பதில்லை. கிறிஸ்தவன் அளவோடு குடிக்கலாமா என்று கூட்டத்தில் யாராவது கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்; முன்பு போலக் குரலை உயர்த்துவதில்லை. அக்காவின் மகள் இப்போது அளவுக்காரரைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறாள். நானும் அவரை அப்படியே கூப்பிட்டிருக்கலாம் என்று சில நாட்களில் தோன்றும்.