விரலய்யா கண்டுபிடித்த முடிச்சு

திடீரென்று ஊரே அண்ணாந்து நடக்க ஆரம்பித்தது.

வானத்தில் விசேஷம் ஒன்றும் இல்லை. விசேஷம் பிடரியில். தலையைக் குனியவே கூடாது என்று விரலய்யா சொல்லியிருந்தார். ஆகவே மளிகைக் கடைக்காரர் மோவாயைத் தூக்கிக்கொண்டு தராசைப் பார்க்காமலே நிறுத்தார். அதில் அவருக்கு நஷ்டம் இல்லை. தபால்காரர் கடிதங்களை முகத்துக்கு மேலே பிடித்து விலாசம் படித்தார். படிக்கட்டில் உருண்டவர்கள், வாளியில் கால் விட்டவர்கள், தூங்குகிற நாயை மிதித்துக் கடி வாங்கியவர்கள் என்று மருந்துக் கடையில் நல்ல கூட்டம். முழங்காலில் கட்டுப் போட்டிருந்தால் பக்தர் என்று அர்த்தம்.

விரலய்யா இருந்தது பேக்கரிக்கு மேல்மாடி. முன்பு மெத்தை விற்ற ஹால். கீழே ரொட்டி வெந்தது, மேலே ஜனம் வெந்தது. படிக்கட்டு முழுக்க வரிசை. வரிசையில் இடம் பிடிக்க ஒரு வரிசை.

அவருக்கும் எல்லோரையும் போலப் பத்து விரல்கள்தான். ஆனால் வலது கை ஆள்காட்டி விரலுக்கு மட்டும் வெல்வெட் உறை உண்டு. அதைக் கழற்றும்போது ஹாலில் மூச்சுச் சத்தம் கேட்காது. மேடையில் குனிந்து நிற்பவரின் பிடரியில் அந்த விரல் மேலிருந்து கீழே ஊர்ந்து வரும். கழுத்து முடிகிற இடத்தில் டக்கென்று நிற்கும்.

"இருக்கு," என்பார்.

பக்கத்தில் மைக் பிடித்து நிற்கும் மைக்காரர் அதை ஊருக்குச் சொல்வார். "துக்க முடிச்சு. இவருக்கும் இருக்கு."

யாருக்காவது இல்லாமல் போனதுண்டா? இல்லை. அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. எல்லோருக்கும் இருக்கிறது என்றால் எவ்வளவு பெரிய வியாதி என்றுதான் நடுங்கினார்கள்.

அடுத்தது வைத்தியம். சலூனிலிருந்து வாங்கிய பழைய சாய்வு நாற்காலியில் ஆளை உட்கார வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, சூடான ஈரத் துண்டால் ஒற்றி, கிராம்புத் தைலம் தேய்ப்பார். பிறகு அந்த ஆளின் விரலையே எடுத்து அதே இடத்தில் வைப்பார். "எங்க முடிச்சு?"

"காணோம் சாமி."

கைதட்டல் கூரையைப் பிளக்கும். வீட்டுக்குப் போய்ச் செருப்பை மாட்டக் குனிந்தால் முடிச்சு திரும்ப வந்திருக்கும். "அதான் குனியாதீங்கன்னு சொன்னேன். அடுத்த வாரம் வாங்க," என்பார் விரலய்யா. அடுத்த வாரமும் போனார்கள்.

கணக்கு டீச்சர் அங்கே தானாகப் போகவில்லை. நாத்தனார் இழுத்துக்கொண்டு போனாள். டீச்சரின் கணவர் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. ஒரு காலையில், ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அண்ணன் இல்லாமல் போனதற்கு அந்தக் காரணம் நாத்தனாருக்குப் போதவில்லை.

"அண்ணி, நீங்க வந்து சும்மா நில்லுங்க. நம்பாட்டியும் பரவாயில்ல."

"நின்னு?"

"ராத்திரி தூங்குவீங்கல்ல."

டீச்சர் போய் நின்றார்.

"குனிம்மா," என்றார் விரலய்யா. விரல் இறங்கியது. "இருக்கு." கண்ணை மூடினார். "வீட்டுல ஒரு ஆம்பள போயிருக்காரு."

கூட்டம் உச்சுக் கொட்டியது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசையில் நின்றபோது மைக்காரர் எவ்வளவு அன்பாகக் குடும்ப விவரம் விசாரித்தார், தான் எவ்வளவு அன்பாகச் சொன்னோம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு நினைவு வரவில்லை.

"அவருக்கும் இது இருந்துச்சா? யோசிச்சுச் சொல்லும்மா."

டீச்சர் யோசிக்கத் தேவையில்லை. தினமும் காலையில் கணவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஷூ கட்டக் குனிவார். காலருக்கு மேலே அந்த எலும்பு எட்டிப் பார்க்கும். பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வந்து டீச்சர் ஒரு விரலை அதன் மேல் வைப்பார். "யேய்" என்று அவர் துள்ளுவார். கயிறு கையை விட்டுப் போகும். மறுபடி முதலிலிருந்து கட்டுவார். இத்தனை வருஷக் குடும்பத்தில் அந்த வேடிக்கை ஒரு நாளும் பழசானதில்லை.

"இருந்துச்சு," என்றார் டீச்சர்.

"பாத்திருக்கீங்க."

"தினம் பாத்திருக்கேன்."

"பாத்தும் விட்டுட்டீங்க."

மைக் அதை ஹால் முழுவதும் பரப்பியது.

பரிகாரமும் சொன்னார். இறந்தவரின் சட்டைக் காலர்களில் முடிச்சின் சூடு ஒட்டியிருக்கிறதாம். எல்லாச் சட்டைகளையும் கொண்டுவந்து கொடுத்தால் பின்கட்டில் வைத்து எரித்துவிடுவாராம். மறுநாளே நாத்தனார் கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்துப் போனாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. அதில் மூன்றாவது பொத்தான் மட்டும் பழுப்பு. வெள்ளைப் பொத்தான் கிடைக்காமல் டீச்சர் அவசரத்துக்குத் தைத்தது. மற்றவற்றை அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அதுவரை தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்த டீச்சர், இப்போது காரணத்தோடு புரண்டார். பார்த்தும் விட்டுவிட்டேன். தொட்டும் விட்டுவிட்டேன். அதை வைத்து விளையாடிக்கொண்டு வேறு இருந்தேன்.

அந்த வாரம் பள்ளியில் பரீட்சை. டீச்சருக்கு மேற்பார்வை வேலை. பிள்ளைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்து குனிந்து எழுதினார்கள். டீச்சர் பின்னாலிருந்து நடந்து வந்தார். கடைசி பெஞ்சில் ஒரு பெண். இரட்டைப் பின்னல், நடுவே பிடரி, பிடரியில் முடிச்சு. பக்கத்துப் பையனுக்கும் இருந்தது. அடுத்த வரிசையில் எல்லோருக்கும். நகத்தைக் கடித்து யோசிப்பவனுக்கு, பக்கத்து விடைத்தாளை எட்டிப் பார்ப்பவளுக்கு, ஒன்றும் எழுதாமல் ரயில் படம் போடுபவனுக்கு.

அடப்பாவமே, மொத்த வகுப்புக்கும் துக்கமா?

முதல் பெஞ்சில் ஒரு பையன் மட்டும் விடைத்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அண்ணாந்து எழுதிக்கொண்டிருந்தான். மை மூக்கில் சொட்டியிருந்தது. அவன் பிடரி மட்டும் வழவழவென்று இருந்தது.

"ஏன்டா இப்படி எழுதற?"

"குனிஞ்சா முடிச்சு வந்துடும்னு அம்மா சொன்னாங்க டீச்சர்."

"எங்க, குனி."

குனிந்தான். வந்தது.

"நிமிரு."

போய்விட்டது.

டீச்சர் அவனை இன்னொரு தடவை குனிந்து நிமிரச் சொன்னார். இரண்டு பக்கமும் சமமாக வராத கணக்கைக் கண்டதுபோல அவர் நெற்றி சுருங்கியது.

பரீட்சை முடிந்ததும் நேரே அறிவியல் கூடத்துக்குப் போனார். அங்கே கம்பியில் ஒரு எலும்புக்கூடு தொங்கியது. மூலையில் விலங்கியல் மாஸ்டர் மோவாயைத் தூக்கிக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். முழங்காலில் கட்டு.

டீச்சர் எலும்புக்கூட்டின் பின்னால் போய், மண்டைக்குக் கீழே விரலை வைத்து ஒவ்வோர் எலும்பாக இறங்கினார். ஒன்று மட்டும் தடுக்கியது.

"சார், இது என்ன?"

"ஏழாவது கழுத்தெலும்பு," என்றார் மாஸ்டர் திரும்பியும் பார்க்காமல். "கழுத்துல மொத்தம் ஏழு. கடைசி எலும்புக்குப் பின்பக்க முள்ளு நீளம். குனிஞ்சா தோலத் தள்ளிக்கிட்டு வெளிய தெரியும். நிமிர்ந்தா அடங்கிடும். ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்துல ஏழுதான். ரெண்டு மார்க் கேள்வி."

"எல்லாருக்கும் இருக்குமா?"

"மனுஷனாப் பொறந்தா இருக்கும்."

"அப்ப உங்க பிடரியில விரலய்யா கண்டுபிடிச்சது எது?"

மாஸ்டரின் வாயில் பிஸ்கட் நின்றது.

"அது வேற டீச்சர்."

"எப்படி வேற?"

"இது பரீட்சைக்கு. அது வாழ்க்கைக்கு."

டீச்சர் எலும்புக்கூட்டின் மண்டையைப் பார்த்தார். மண்டையோடு ஒரே ஓடு அல்ல. இருபத்திரண்டு எலும்புகள் சேர்ந்தது. உச்சியில் நெளிநெளியாகத் தையல் போட்டதுபோல ஒன்றோடொன்று கவ்விக்கொண்டிருக்கின்றன. இவ்வளவு பத்திரமான பெட்டி. மாஸ்டர் தன் பெட்டிக்குள் இருப்பதற்கு ஒரு சேதமும் வராமல் காப்பாற்றி வைத்திருந்தார், பயன்படுத்தாமலே.

ஆள் இல்லாத வராந்தாவில் நின்று டீச்சர் தன் பிடரியில் விரலை வைத்தார். குனிந்தார், இருந்தது. நிமிர்ந்தார், இல்லை. குனிந்தார். நிமிர்ந்தார். யாராவது பார்த்திருந்தால் டீச்சருக்கும் முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்து வெகுநாள் ஆகியிருந்ததால் பாதியில் அது அழுகையா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

அடுத்த வாரம் நாத்தனார் மீதிச் சட்டைகள் நிறைந்த பையைச் சுமந்துகொண்டு முன்னே போனாள். டீச்சர் ஒரு காணிக்கை உறையோடு பின்னே போனார். ஹாலில் மூச்சு விட இடமில்லை.

மேடை ஏறிய டீச்சர், சொல்ல வந்ததை ஒரு கணம் மறந்துவிட்டார். மைக்காரர் நீலக் கட்டம் போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தார். தோள் இரண்டும் தொங்கின, கணவருக்குத் தோள் அகலம். மூன்றாவது பொத்தான் பழுப்பு.

பொத்தானைப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கிக்கொண்டார். வகுப்பில் பேசுகிற குரலில் பேசினார்.

"எல்லாரும் முன்னால நிக்கறவங்க பிடரியில ஒரு விரலை வைங்க. முன் வரிசை, நீங்க தலைய மட்டும் குடுங்க. வெச்சாச்சா? இப்ப எல்லாரும் குனிங்க."

டீச்சர் சொன்னால் செய்து பழகிய ஊர். குனிந்தார்கள்.

"ஐயோ, உங்களுக்கும் இருக்கே."

"எனக்கு இருக்கட்டும், உன் மாமியாருக்கு என்னைவிடப் பெருசு."

"இப்ப நிமிருங்க."

நிமிர்ந்தார்கள். பிறகு யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

"தைலம் தேய்க்கலையே, எங்கய்யா போச்சு?"

விரலய்யா அசரவில்லை. தொழில் தெரிந்தவர். "பாதிக்கப்பட்டவங்கதானேம்மா இங்க வருவாங்க? இருக்கத்தான் செய்யும்."

"அப்ப பாதிக்கப்படாதவர் நீங்கதான். ஒருதரம் குனிஞ்சு காட்டுங்க."

"நான் யாருக்கும் தலை குனியறதில்ல."

கூட்டம் அதற்கும் தலையாட்டியது. நல்ல வசனம்தான்.

டீச்சரின் கையிலிருந்து காணிக்கை உறை நழுவி விரலய்யாவின் காலடியில் விழுந்தது. நழுவவிட்டார் என்றும் சொல்லலாம். கனமான உறை. விரலய்யா குனிந்தார்.

டீச்சரின் விரல் தயாராக இருந்தது.

"இருக்கு," என்றார் மைக்கில்.

ஹால் வெடித்தது. விரலய்யா சட்டென்று நிமிர்ந்தார்.

"போயிடுச்சு. குணமாயிட்டீங்க. அடுத்த ஆள் வரலாம்."

சிரிப்பு கீழே பேக்கரிவரை இறங்கி, மாவு பிசைகிறவர் என்ன சங்கதி என்று படியேறி வந்தார். விரலய்யா அந்தச் சிரிப்பிலும் உறையை விடாமல் பிரித்தார். உள்ளே பழைய கணக்குக் கேள்வித்தாள்கள்.

டீச்சர் மைக்காரர் பக்கம் திரும்பினார்.

"எரிச்சிடறதா சொன்னீங்களே. எரிஞ்ச சட்டை இவ்வளவு நல்லாவா இருக்கும்?"

அப்போதுதான் நாத்தனார் பார்த்தாள். பையைக் கீழே போட்டாள். மேடைக்கு அவள் படியில் ஏறினாளா, தாவி ஏறினாளா என்பதில் இன்றுவரை ஊரில் இரண்டு கருத்து உண்டு.

"எங்கண்ணன் சட்டை. கழட்டு."

"அம்மா, இத்தனை பேருக்கு முன்னால..."

"எங்க அண்ணிய இத்தனை பேருக்கு முன்னாலதானே கேட்டீங்க? கழட்டு."

மைக்காரர் கழற்றினார். கூட்டத்தில் இன்னும் சிலர் தங்கள் வீட்டுச் சட்டைகளை நினைத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்கள். அங்கே சாம்பல் இல்லை. சட்டைகள் அளவுவாரியாக மடித்து, விற்பனைக்குத் தயாராக மூட்டை கட்டியிருந்தன. விரலய்யா பின்படி வழியாக இறங்கிப் போனார். அண்ணாந்து அல்ல, நன்றாகக் குனிந்து.

ஊர் மறுபடி தரையைப் பார்த்து நடந்தது. நாய்களுக்கு நிம்மதி. விலங்கியல் மாஸ்டர், தனக்கு முதலிலேயே சந்தேகம்தான் என்று எல்லோரிடமும் சொன்னார். சிலர் மட்டும், பக்கத்து ஊரில் முழங்காலைத் தொட்டுப் பார்த்துப் பலன் சொல்கிறவர் இருக்கிறாராமே, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை நாத்தனார் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, வெந்நீர் வாளிமேல் தலையைக் கவிழ்த்து அந்தச் சட்டையைத் துவைத்தாள்.

"கிராம்பு நாத்தம் போகவே மாட்டேங்குது அண்ணி. நான்தான் எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். நான்தான் உங்களைக் கூட்டிட்டுப் போய் நிறுத்தினேன். என்னைச் சொல்லணும்."

டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். பாத்திரம் கழுவிவிட்டு வந்த கை ஈரமாக இருந்தது. குனிந்திருந்த நாத்தனாரின் பிடரியில், அவள் அண்ணனுக்கு இருந்த அதே இடத்தில், அதே எலும்பு. டீச்சர் ஒரு விரலை வைத்தார்.

"யேய்," என்று துள்ளினாள் நாத்தனார். சோப்புத் தண்ணீர் சுவரில் தெறித்தது. குரல்கூட அப்படியே அண்ணன் குரல்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தண்ணீர் ஆறிப்போகும்வரை சிரித்தார்கள். அன்று இரவு டீச்சர் தூங்கினார்.

அந்த எலும்பு உங்களுக்கும் இருக்கிறது. தொட்டுப் பாருங்கள். நீங்கள் குனிந்து நிற்கிறவரை எவன் விரல் வைத்தாலும் ஒரு முடிச்சு அகப்படும். நிமிர்ந்தால் அகப்படாது. அதற்கு மேலே இருபத்திரண்டு எலும்பு போட்டுப் பூட்டிய பெட்டி ஒன்று இருக்கிறது. அடுத்த வரிசையில் போய் நிற்பதற்கு முன்னால், ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள்.